கூழின் தலையில் கட்டிய வேலை

நம் முன்னோர் மாத்திரையே தின்றதில்லை என்று சொன்னவர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தது நான் என்பதால் பாதிக் கோபம் என் மேல்தான்.

எங்கள் ஊர் மாசாயில் சனிக்கிழமைதோறும் ‘முன்னோர் உணவு’ வகுப்பு நடந்தது. நடத்தியவர் மருத்துவர் இல்லை, பேச்சில் கெட்டிக்காரர். கேழ்வரகு, கம்பு, சாமை என்று கிண்ணங்களைப் பரப்பி, இவற்றில் இல்லாத சத்து எந்தப் பாட்டிலிலும் இல்லை என்பார். நான் முதல் வரிசை. மூன்றாம் வாரமே எங்கள் வீட்டு அரிசி டின்னில் கம்பு நிறைந்திருந்தது.

அப்போது அக்காவுக்கு ஐந்து மாதம். தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றபடி வேலை. ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவள் புலம்பியதுதான் தாமதம், நான் பாய்ந்துவிட்டேன். மாத்திரையை நிறுத்து, இரண்டு வேளை கேழ்வரகுக் கூழ் குடி, ரப்பர் தோட்டத்தில் நம் பெண்கள் அப்படித்தானே பிள்ளை பெற்றார்கள் என்றேன். படித்த தங்கை சொல்கிறாள் என்று அவளும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்த அளவு இன்னும் இறங்கியிருந்தது. இப்படியே போனால் பிரசவத்தில் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்ற தாதி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். விஷயம் தெரிந்ததும் திட்டுவார் என்று பயந்தேன், சிரித்துவிட்டார்.

“கேப்பைய நாங்க எங்கடி கண்டோம்? கடை அரிசியும் மரவள்ளியும்தான். புள்ளத்தாச்சிங்கள தோட்டத்து ஆஸ்பத்திரில வரிசையா நிக்க வச்சு டிரெசர் மாத்திரை குடுப்பாரு. அவரு முன்னாலயே முழுங்கி, வாயத் தொறந்து காட்டணும்.”

எந்த முன்னோரைப் பற்றி இத்தனை வாரம் குறிப்பெடுத்தேன்?

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. கேழ்வரகைச் சரியாக ஊறவைத்திருக்க மாட்டீர்கள் என்றார். பிறகு பையிலிருந்து முருங்கைத்தூள் அடைத்த குளிகைப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

“அப்ப இது என்னா சார்?”

“இது மாத்திரை இல்லமா. உணவு.”

சிலர் தலையாட்டினார்கள். கிளினிக் கொடுத்தால் விஷம், நீங்கள் விற்றால் உணவா? இதை அவரிடமே கேட்டுவிட்டுத்தான் வெளியேறினேன். வாசல்வரை ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். சேலைக்குள் மேடிட்ட வயிறு தெரிந்தது.

“உங்க அக்காவுக்கு எவ்ளோ இறங்குச்சு? என்னையும் மாத்திரைய நிறுத்தச் சொல்லியிருக்காருக்கா.”

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமையே கிளினிக்குக்குப் போகச் சொன்னேன்.

அக்கா இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு, முகத்தைச் சுளித்துக்கொண்டே மாத்திரையை விழுங்குகிறாள். அளவு ஏறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் போதாது என்கிறார் தாதி. கூழை நான் விடவில்லை. அது நல்ல சாப்பாடு. மருந்தின் வேலையை அதன் தலையில் கட்டியது நாங்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது.