வெளியே நின்ற மந்திரி

மலேசியாவில் மாசாய்க்கு வந்த புதிதில், உணவுக்கடை மேசையில் சதுரங்கம் ஆடும்போது சேகர் "உங்க காஜாவ பாத்துக்குங்கண்ணே" என்று எச்சரித்தான். மலாயில் காஜா என்றால் யானை. நான் மூலையில் நின்ற யானையைக் காத்தேன். அவன் என் மந்திரியை வெட்டிவிட்டுச் சிரித்தான். நாம் மந்திரி என்று அழைக்கும் காய்தான் இங்கே யானை. நான் இந்த நாட்டுக்கு வந்தது ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள். அதன்பின் எத்தனையோ தைப்பூசம் போய்விட்டது. இன்னும் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் காயைத் தொடுகிறேன்.

சேகர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என்னோடு ஷிப்ட் பார்ப்பவன். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டக் குடும்பம். ஆடி மாதத்தில் ஒருநாள், வெள்ளை ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே வைத்தால் கறுப்பு என்ன ஆடுவது என்று அவனிடம் கேட்டேன். கேட்டது எனக்காக அல்ல. திருச்சியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி ஞாயிறுதோறும் கைபேசியில் என்னோடு ஆடுவாள். எப்போதும் அவளுக்கு வெள்ளை, எப்போதும் அந்தச் சிப்பாய். மற்ற நாட்களில் எங்கள் பேச்சு "சாப்டீங்களா", "சாப்டேன்" என்பதோடு முடிந்துவிடும். ஞாயிறு ஆட்டத்தில்தான் அவள் குரல் கொஞ்சம் நீளும். முந்தைய ஞாயிறு அதுவும் சுருங்கியது.

"மறுபடி பிரெஞ்சாப்பா? நீங்க பாட்டுக்கு உள்ளயே உக்காந்திருக்கீங்க. அடுத்த வாரமும் இதுதான்னா எனக்கு டியூஷன் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை டியூஷன் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

பிரெஞ்சுத் தடுப்பு நான் பாலிடெக்னிக் விடுதியில் பழகியது. ராஜாவின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கோட்டை பலமாக இருக்கும். ஆனால் ராணிப் பக்கத்து மந்திரி சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டு ஆட்டம் முழுக்கப் புழுங்கும். அந்த நாட்களில் அது எனக்கு உறுத்தவில்லை. ஊரைவிட்டு எங்கும் போகும் எண்ணமே அப்போது இல்லை.

"அலமாக்! சின்னப் பிள்ளைகிட்டயுமா கதவ பூட்டிக்கிட்டு ஆடுவீங்க?" என்றான் சேகர். "சிசிலியன் ஆடுங்கண்ணே, நல்லா சண்டை போடலாம்."

"அதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு வேலை பெர்மிட் முடிஞ்சிடும்."

"அப்ப காரோ-கான் லா. மொதல்ல காஜாவ வெளிய அனுப்புங்க, அப்பறம் கதவ சாத்துங்க. ரெண்டும் ஆச்சு."

அந்த வாரம் இடைவேளைகளில் அதைத்தான் படித்தேன். வெளியே போன காய், சாத்திய கதவு: இரண்டுமே எனக்குப் பழக்கமானவை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை, சேகர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, கைபேசியில் வரும் நகர்வுகளைச் சேகரின் பலகையிலும் வைத்துக்கொண்டே ஆடினேன். மூன்றாவது நகர்வில் என் மந்திரி வெளியே வந்ததும் "ஹை, புதுசு!" என்றாள் யாழினி. அந்த ஒரு சொல்லுக்கே மனம் லேசாயிற்று. அவள் ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். நான் யோசித்திருக்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திக் கதவைச் சாத்தியது.

சேகர் தலையில் கை வைத்தான். அவள் சிப்பாய்களை ஒவ்வொன்றாக ஏவி மந்திரியை விரட்டினாள். நாலு நகர்வில் அது நிற்க இடமில்லாமல் போயிற்று.

"அய்யோ அப்பா, உங்க மந்திரி வெளில மாட்டிக்கிச்சு. திரும்பி வர வழியே இல்ல. நீங்கதான கதவ சாத்தினீங்க?" சிரித்துக்கொண்டே சொன்னாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நான் பலகையில் அந்த மந்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஹலோ, அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அடுத்த வாரமும் இதே ஆடுங்க, என்ன? செம ஜாலியா இருக்கு."

சரி என்று சொல்லி ஆட்டத்தை அங்கேயே விட்டுக்கொடுத்தேன். அழைப்பு முடிந்ததும் சேகர் காய்களைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான். கடைசியாக அந்த மந்திரியை எடுக்கப் போனவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். வெறும் பலகையில் அது மட்டும் நின்றது. அது கிளம்பிய கட்டத்துக்கு இப்போது வழி திறந்துதான் கிடந்தது. போய்ச் சேர அங்கே ஒரு காயும் இல்லை.