தகடு எத்தனை மில்லிமீட்டர்

லண்டனில் நான் குடியிருக்கும் வீட்டின் அகலம் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் ஐம்பது அடி. அது ஒரு நாரோபோட், கால்வாய்களுக்கென்றே ஒடுக்கமாகக் கட்டப்பட்ட இரும்புப் படகு. ஒன்பது வருடமாக அதில்தான் சமைக்கிறேன், அதில்தான் படுக்கிறேன், அதிலிருந்துதான் மருத்துவமனை ஆய்வுகூடத்துக்கு ஷிப்டுக்குப் போகிறேன். ஓரிடத்தில் நிரந்தரமாகக் கட்டிவைக்க நான் அனுமதி எடுக்கவில்லை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகை அவிழ்த்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அயலவரைப் பிடிக்கவில்லையென்றால் இரண்டு வாரம் பொறுத்தால் போதும். இந்த வசதி எங்கள் சனம் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் இல்ஃபோர்டில் எவருக்கும் இல்லை.

இங்கே வருமுன் பதினாறு வருடம் நெதர்லாந்தில் இருந்தேன். அங்கே எங்கள் தெருக்கோடிக் கால்வாயில் ஒரு பல் வைத்தியர் குடும்பத்தோடு படகில் குடியிருந்தார். அவரை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. லண்டனுக்கு வந்து, மணமுறிவும் முடிந்து, தனியே ஒரு கூரை தேடியபோது அவருடைய படகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

என் அண்ணைக்கு அப்படியில்லை. அவர் குட்மேய்ஸில் சொந்த வீட்டில் இருப்பவர், இல்ஃபோர்டில் கடை வைத்திருப்பவர். நான் படகு வாங்கிய அன்று, "எங்கடை சனம் படகிலை வந்து கஷ்டப்பட்டது காணாதே? நீ காசு குடுத்து ஏறுறாய்" என்றார். கலியாண வீடுகளில் யாராவது என்னைப்பற்றிக் கேட்டால், "ஹக்னிப் பக்கம் தண்ணிக்கரையிலை ஒரு ஃபிளாட்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பார்ப்பார். தன் வீட்டின் சின்ன அறையை எனக்கென்று சும்மா வைத்திருந்தார். போகும்போதெல்லாம் அந்த அறைக் கட்டிலில் புது விரிப்பு இருக்கும். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொல்வதற்கு வெட்கம் என்ன, எனக்குப் படகில் கர்வம் உண்டு. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவது, பற்றறிக்கு நீர் விடுவது, அடுப்பின் புகைக்குழாயில் கரி தட்டுவது, கழிவறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டுவது, எல்லாம் நானே. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி, அதன் அடிவயிற்றைச் சுரண்டி, கறுப்புத் தார்ப் பூச்சுப் பூசுவதும் நான்தான். பூசாவிட்டால் தகட்டைத் துரு தின்றுவிடும். மல்லாந்து கிடந்து பூசும்போது தார் முகத்தில் சொட்டும். அந்த வாரம் ஆய்வுகூடத்தில் என் நகங்களைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

போன வருடம் படகுக்கு முப்பது வயது ஆயிற்று. அந்த வயதுக்குப் பிறகு, தகட்டின் கனத்தை அளந்து காட்டாமல் என் காப்புறுதிக்காரர் புதுப்பித்துத் தரமாட்டார்கள். நாலு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. காப்புறுதி இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லையென்றால் படகு தண்ணீரில் நிற்க முடியாது. சுருக்கமாகச் சொன்னால் நான் அண்ணையின் சின்ன அறைக்குப் போக வேண்டியதுதான். என்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு படகுத்துறையில் நாள் கிடைத்தது. பின்னேரம் நாலு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். அதன்பிறகு கதவை அடைத்து நீரை வடியவிடுவார்கள், காலையில் ஆள் வந்து அளப்பார். தவறினால் அடுத்த முறை இரண்டு மாதம் கழித்துத்தான். என் காப்புறுதியோ அந்த மாதக் கடைசியில் முடிகிறது.

விஷயம் கேள்விப்பட்ட மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, பூசை செய்யாமல் புறப்படக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றா. அண்ணையும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். காலை ஒன்பது மணிக்கு இருவரும் லீ ஆற்றங்கரையில் கோயில் மாலையோடும் கற்பூரத்தோடும் நிற்கிறார்கள். மச்சாள் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தா. புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே வைத்து நசிப்பதற்கு. படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சாள், இதுக்குச் சில்லு இல்லையே, எங்கை வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டா. அவவுக்கு நானும் மச்சாள்தான்.

"கரைக்கும் படகுக்கும் நடுவிலை வையுங்கோ, இடிச்சு நசிக்கட்டும்" என்றேன்.

பகிடிக்குச் சொன்னது. அவ உண்மையாகவே வைத்தா. படகு காற்றில் அசைந்து கரையில் முட்ட, எலுமிச்சம்பழம் அழகாக நசிந்தது. மூன்று பேருக்கும் திருப்தி.

லீ ஆற்றில் வடக்கே போனோம். சுக்கான் என் கையில். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் லாக் கதவுகளைத் தள்ளுவதற்கு அண்ணை இறங்கினார். கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது. டொட்டன்ஹாம் தாண்டியபோது காற்று பலமாகி, முன்பக்கத்தில் கட்டிய மாலை அறுந்து விழுந்தது. மச்சாள் அதை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தா. "சாமி மாலை, குப்பைக்குள்ளை போடேலாது. ஓடுற தண்ணியிலை விடட்டே?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெம்பிளி, சௌதோல் பக்கக் கால்வாய்களில் எங்கள் ஆட்களும் இந்தியாக்காரரும் விடுகிற தேங்காய், சேலை, மாலைகளைப்பற்றி நான் எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். "புரொப்பெல்லரிலை சுத்தினால் படகு நிண்டுபோகும், அறிவில்லையே" என்று. அப்படிப்பட்ட நான், வாயில் மிக்சரை அதக்கிக்கொண்டு, "ஓம், பின்னாலை விடுங்கோ" என்றேன். சின்ன வயதிலிருந்து சாமிப் பூ தண்ணீருக்குத்தான் போகும் என்று பழகிய மூளை. ஊருக்குத்தான் உபதேசம்.

மாலையைக் கோத்தது நைலோன் நூல். ஒரு நிமிடம் கழியவில்லை, எஞ்சின் கனைத்தது, இருமியது, செத்தது. காற்று எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய் நாணல் புதரில் சாத்தியது. மணி இரண்டு. இன்னும் ஒரு மணிநேர ஓட்டம் இருந்தது.

மச்சாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா. எனக்குக் கோபம் வந்தது, முழுவதும் என்மேல்தான். அண்ணை தொலைபேசியை எடுத்தார். "பதறாதை, நான் ஆரையும் கூப்பிடுறன்."

"ஆரை அண்ணை கூப்பிடப்போறியள்? இப்பிடி நிண்டுபோனால் மற்றவை கூப்பிடுற ஆள் நான்தான்."

எஞ்சின் திறப்பை, அதாவது சாவியை, எடுத்து என் பைக்குள் போட்டேன். தெரியாமல் யாரும் எஞ்சினைக் கிளப்பினால் கை போய்விடும். பின்தளத்துப் பலகையைத் தூக்கினால் கீழே, புரொப்பெல்லருக்கு நேர்மேலே ஓர் இரும்பு மூடி இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டேன். மார்ச் மாதத் தண்ணீர். கை முதலில் எரிந்தது, பிறகு என் கை மாதிரியே இல்லை. நூல் தண்டில் இறுகிக் கல்லாகியிருந்தது. பாண் வெட்டும் கத்தியால் இழை இழையாக அறுத்தேன். சாமந்திப் பூக்கள் சேறாகக் கையோடு வந்தன. நான் எழும்பும்போதெல்லாம் அண்ணை என் கையைத் துவாயால் சுற்றித் தேய்த்தார்.

முக்கால் மணிநேரம் போயிற்று. கடைசி இழை வந்ததும் மூடியைப் பூட்டினேன். பூட்டியதைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், இன்னொருமுறையும் ஆட்டிப் பார்த்தேன். இந்த மூடியைச் சரியாகப் பூட்டாமல் ஓட்டித்தான் பலருடைய படகு மூழ்கியிருக்கிறது. எஞ்சினைக் கிளப்பினேன். கனைக்கவில்லை. நாலு மணிக்கு இன்னும் ஏழு எட்டு நிமிடம் இருக்கும்போது, இருபக்கமும் ஒரு சாண் இடைவெளியில், கரையில் உரசாமல் துறைக்குள் விட்டேன். கதவடைக்க நின்றவர் தொப்பியைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு அது பழக்கமாக இருக்கலாம், நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அண்ணை மட்டும் திரும்ப வந்தார். கடை இன்னும் பூட்டித்தான் கிடந்தது. நீர் வற்றிய துறையில் படகு மரக்கட்டைகள்மேல் நின்றது. அளப்பவர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பிறகு கருவியை வைத்து, வந்த எண்ணைத் தகட்டிலேயே சோக்கால் எழுதினார். ஐந்து தசம் ஆறு. ஐந்து தசம் நாலு. ஐந்து தசம் ஐந்து. அண்ணை பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் முணுமுணுத்து வாசித்தார். சோதனை முடிவு பார்க்கிறவர் போல. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் தோற்கிற எண்ணைத்தான் தேடுகிறார் என்று பட்டது.

பின்பக்க வளைவில் அது வந்தது. மூன்று தசம் எட்டு.

அளப்பவர் சுற்றிவரப் பத்து இடத்தில் அளந்தார். அந்த வளைவு எனக்குத் தெரியும். தூரிகை ஒழுங்காகப் போகாத மூலை, போனமுறை முதுகு வலியில் அதை அவசரமாக முடித்தேன். அண்ணை அந்த எண்ணின் முன்னே நின்று சோக்கைத் தொட்டுப் பார்த்தார். "தங்கச்சி, இது பெயிலோ?" என்றார். குரல் உடைந்திருந்தது. ஒன்பது வருடம் அந்த அறைக்கு விரிப்பு மாற்றிய மனுஷன், நான் படகை இழந்து அங்கே வர வேண்டியாகிவிடுமோ என்று எனக்காகப் பயந்துபோய் நிற்கிறார். அன்றுவரை அவரை நான் தப்பாகவே வாசித்திருக்கிறேன்.

"உள்ளங்கை அளவுதான்" என்றார் அளப்பவர். "அந்த இடத்தில் ஒரு தகடு பற்றவையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மற்றதெல்லாம் இந்த வயதுக்கு ஆச்சரியம்." பிறகு குறிப்புத்தாளை அண்ணையிடம் நீட்டி, "உங்கள் படகை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், சேர்" என்றார்.

அண்ணை தாளை வாங்கவில்லை. தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னட்டைத் தராதேங்கோ" என்று தமிழிலேயே அவரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் தலையை அசைத்து, துறை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னார்: "இது என் தங்கச்சியின் வீடு."