அண்ணாச்சி கேமராவுக்கு முன்னால் வந்த நாள்

கண்ணைக் கட்டியிருந்த அந்த அக்கா வாழைப்பழத் துண்டை மூக்கருகே கொண்டுபோன மறுநொடியே, "துளுவன்" என்றார். என் கையிலிருந்த அட்டையில் 'மட்டி' என்று இருந்தது. "தவறான விடை!" என்று மைக்கில் கூவினேன். நாகர்கோவிலே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டை உருவாக்கியவர் போன மாதம் இறந்துபோனார். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். பெரிய சேனல்கள் பொது அறிவைச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில், "நம்ம ஆளுகளுக்கு என்ன தெரியுமோ அதக் கேப்போம்" என்று, வாசனையை வைத்தே வாழைப்பழத்தின் ரகத்தைச் சொல்லும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஏத்தன், செவ்வாழை, பாளையங்கோட்டான் என்று தோலுரித்துத் துண்டுபோட்டுத் தட்டுகளில் அடுக்குவது என் வேலை. நிகழ்ச்சியை நடத்துவதும் நான்தான். அவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பார். போட்டியாளர் தடுமாறினால் அண்ணாச்சிக்குத்தான் முதலில் வியர்க்கும்.

அன்று இறுதிச் சுற்று. வடசேரிச் சந்தையில் பழக்கடை வைத்திருந்த அந்த அக்காவும் ஒரு கல்லூரி ஆசிரியையும் சமநிலையில் இருந்தார்கள். அக்காவின் விடை தவறென்றதும் ஆசிரியையை வெற்றியாளராக அறிவித்துவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. கண்கட்டை அவிழ்த்து, மிச்சத் துண்டை என்னிடம் நீட்டினார். "இருவது வருசமா விக்கேன் மக்கா. நீயே தின்னு பாரு."

தின்றேன். துளுவனேதான். அவசரத்தில் தட்டுகளை இடம் மாற்றி வைத்தவள் நான். வாயில் பழமும் கையில் மைக்குமாக நின்றேன். இத்தோடு வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான், ஒருநாளும் திரையில் முகம் காட்டாத அண்ணாச்சி, மடித்துக் கட்டிய வேட்டியோடு விளக்கு வெளிச்சத்துக்குள் ஓடிவந்தார். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றார். "தப்பு எங்களோடது. அக்கா சொன்னதுதான் சரி!" என்றார். ஆசிரியையும் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "ஐயோ, துளுவன்தான்!" என்று சிரித்து, தன் கையாலேயே பரிசை அக்காவுக்குக் கொடுத்தார். அலுவலகத் தொலைபேசி விடாமல் அடித்தது. ஊரெங்கும் துளுவனா மட்டியா என்று ஒரே வாக்குவாதம்.

நிகழ்ச்சி முடிந்ததும் அழுதுகொண்டே அவரிடம் போனேன். அவரோ குதித்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, அழுதியா? அடுத்த வாரத்துல இருந்து இதுதான் விதி! நடத்துறவ சொல்றது தப்புன்னு போட்டியாளர் சொல்லலாம். சொன்னா நீ தின்னு பாத்து ரகத்தச் சொல்லணும், தப்புன்னா நீ தோத்த!" அதற்குப் பிறகு ஜனங்கள் பார்த்ததே அதற்காகத்தான். நான் எத்தனை முறை தோற்றேன் என்று எனக்கே தெரியாது.

இறப்பதற்கு நான்கு நாள் முன்பு மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். நலம் விசாரிக்கவே விடவில்லை. "கண்ண மூடு. வாறது ஆருன்னு காலடிச் சத்தத்த வச்சே சொல்லு." நர்ஸ் என்றேன். கண் திறந்தால், கஞ்சிப் பாத்திரத்தோடு அவருடைய மகள்.

"தோத்தியா!" படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார். "இத மட்டும் நேரலையில போட்டம்னா, ஊரே கண்ண மூடிக்கிட்டு டிவி பாக்கும் மக்கா!"