மேகத்தின் மேல் நடந்த எருமை

போன வாரம் நாட்காட்டி வாங்க ஹட்டனில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். கதவுக்கு நேரே சிறுவர் புத்தகங்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அட்டைகளில் எல்லாம் ஏதாவது ஒரு மிருகம். ஒன்றில் நெருப்புக் கக்கும் பாம்பின் மேல் ஒரு பையன் சாய்ந்து தூங்குகிறான். இன்னொன்றில் சிறகு முளைத்த நரி. நாட்காட்டியைச் சுருட்டிக் கொடுத்த பெண் வாயாடி.

"புள்ளைங்க எல்லாம் இந்த மிருகங்களுக்காகத்தான் வாங்குறாங்கம்மா. கதையெல்லாம் அப்புறந்தான். ஒங்களுக்குச் சின்ன வயசுல புடிச்சது ஏதாச்சும் இருந்திச்சா?"

"எரும" என்றேன்.

அவள் சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அந்தக் கடையில் புதுக் காகித வாசனை. எனக்குத் தெரிந்த கதைப் புத்தகத்தில் கருவாடும் மிளகாயும்தான் மணக்கும். எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடைக்கு மேலே. கீழே கடைவீதியில் நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரி கடை வைத்திருந்தார். சாமான் கட்டுவதற்குப் பழைய காகிதங்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருப்பார். அந்த மூட்டைக்குள்தான் அது கிடந்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. அதன் பெயர் என்ன, எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதைப் புரட்டிக்கொண்டே நின்றதைப் பார்த்து நானாவுக்குப் பொறுக்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போ புள்ள. வாசல்ல நின்னு படிச்சா யாவாரம் எப்புடி நடக்கும்?"

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினெட்டு வயது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளையும் நடக்கிற பிள்ளைகளையும் காலையில் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். தொட்டில் ஆட்டுவது, துணி மாற்றுவது, பால் கரைப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் நான். அந்த வேலைக்குப் பெயர் ஆயா. அதனால் பதினெட்டு வயதிலேயே தோட்டம் முழுக்க என்னை ஆயா என்று கூப்பிட்டது. பெண் பார்க்க வந்தவன்கூட, "ஆயா, வீட்ல பெரியவுங்க இல்லையா?" என்று கேட்டான். அவனை நான் கட்டிக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் மடுவத்துக்குள் இருட்டாக இருக்கும். இருபது முப்பது பிள்ளைகள் ஒன்றாக அழத் தொடங்கினால் பைத்தியம் பிடித்துவிடும். வாயை மூட வைக்கத்தான் அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் மேல் உள்ள பிரியத்தில் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கதையில் ஒரு இளவரசி. சுத்த மக்கு. வழி தெரியாமல் அலைவதுதான் அவளுக்கு வேலை. அவளுக்குத் துணையாக மூன்று மிருகங்கள். ஒரு வெள்ளைக் குதிரை, ஏழு பாஷை பேசும் ஒரு கிளி, கருமுகில் என்ற எருமை. குதிரையை எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. குதிரை என்றால் தோட்டத்தை நடத்தும் துரை ஏறுவது. கிளி பேசுவதைக் கேட்டதும் ஒரு பொடியன், "இது கண்டாக்கையா மாதிரியே கத்துது ஆயா" என்றான். கண்டாக்கு என்பவர் மலையில் எங்கள் வேலையைக் கண்காணிக்கும் அதிகாரி. வாய் ஓயாது. எருமையைத்தான் எல்லோருக்கும் பிடித்தது. கருமுகிலுக்கு இடி என்றால் பயம். பயந்தால் விக்கல் வரும். ஆனால் மேகத்தின் மேல் நடக்கும். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு, குளம்பு நனையாமல், கழுத்து மணி ஆட, மக்கு இளவரசியைச் சுமந்துகொண்டு போகும். மடுவத்துக் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு நிறைய வெள்ளையாக மேகம் கிடக்கும். பிள்ளைகள் நம்பியதில் என்ன ஆச்சரியம்? சில நாள் நானே கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

மேகம் காலைத் தொடுகிற இடத்தில் அறுகம்புல்லோடு நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது வரும் என்று புத்தகத்தில் இருந்தது. புல்லை நான் உப்பாக மாற்றினேன். மாடு உப்புக்கு வரும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன்.

பாக்கியத்துக்கு ஐந்து வயது. அவளுடைய அம்மா தன் தாயின் சாவுக்காக இந்தியாவுக்கு, துறையூர்ப் பக்கம் போனவள், திரும்பி வர முடியவில்லை. திரும்புவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். இங்கே பிறந்தவள். இந்த மலையில் கொழுந்து பறித்தே விரல் கறுத்தவள். அவளை வராதே என்று சொல்ல ஒரு மேசையும் ஒரு முத்திரையும் போதுமாக இருந்தது. பாக்கியத்தின் அப்பா முத்தையா மூன்று முறை எழுதிப் போட்டார். மூன்றாவது பதிலை நானாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் கேட்டபோது நானும் கடையில் நின்றேன். முடியாது என்றுதான் இருந்தது. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் பாக்கியம் என்னிடம் வந்து நின்றாள்.

"கருமுகிலு கடலு மேல நடக்குமா ஆயா?"

"மேகம் இருந்தா எங்கயும் நடக்கும்டி."

"அப்ப எங்கம்மாவ ஏத்திக்கிட்டு வருமா?"

"ஏன் வராது? போய் ஒக்காரு."

என் மடியில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்தது. அதற்குத் துணி மாற்றிக்கொண்டே பதில் சொன்னேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்க வந்துபோன நேரத்தில், திறந்த கதவு வழியாக அவள் போய்விட்டாள். நான் தலைகளை எண்ணிப் பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூலையில் கஞ்சிக்கு வைத்திருந்த உப்புச் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மலைக்கு ஓடிச் சொன்னேன். கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு சிதறி ஓடினார்கள். கை நீட்டினால் விரல் தெரியாத மேகம். எல்லாப் பக்கமும் அவள் பெயர் கேட்டது.

தேயிலைச் செடி கவாத்து வெட்டும் மலையிலிருந்து வந்த முத்தையாதான் கண்டுபிடித்தார். மலை உச்சியில் காட்டோரத்தில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து, முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாளாம். உதடு நீலம். மூடிய கைக்குள் உப்பு கரைந்து ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு வரும்போது அப்பாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மணி சத்தம் கேட்டுச்சுப்பா. நான் ஏறுறதுக்குள்ள போயிருச்சு."

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில், அத்தனை பேருக்கும் முன்னால், கண்டாக்கு என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஒன் கதையால ஒரு புள்ள செத்திருக்கும். அப்புடி ஒரு மாடு இல்லன்னு சொல்லு."

சொன்னேன்.

"என்ன முணுமுணுக்கிற? சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். அப்பாவின் தோளில், கம்பளிக்குள்ளிருந்து பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடலு மேல ஏறி யாரும் வர மாட்டாங்கன்னும் சொல்லு. இல்லாட்டி ஒன் பேர வெட்டிருவேன்."

பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கும் காம்பரா போகும். எனக்கும் நெஞ்சு வலிக்காரியான என் அம்மாவுக்கும் அந்த ஒரு அறைதான் இருந்தது. அவர் சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பயத்தில் நாக்கு ஓடிவிட்டது. "மாடும் இல்ல, அவ அம்மாவும் வர மாட்டா" என்று சொல்லிவிட்டேன்.

கண்டாக்கே தலையைக் குனிந்து, பேர் பதியும் செக்ரோலைப் புரட்டினார். பாக்கியம் அழவில்லை. முகத்தைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். முத்தையா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க ஆயா. புள்ள பொழச்சிருச்சில்ல" என்றார்.

அன்று சாயங்காலமே புத்தகத்தை நானாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"கிழிச்சுச் சாமான் கட்டுங்க நானா."

"நல்லாருக்குன்னியே புள்ள?"

"பொய்யி நானா. எல்லாம் பொய்யி."

அவர் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். மாசக் கணக்கில் அது துண்டு துண்டாகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. ஒரு வீட்டில் சீனிப் பொட்டலத்தில் கிளி, இன்னொரு வீட்டில் கருவாட்டைச் சுற்றி இளவரசி. ஒரு நாள் பாக்கியத்தின் வீட்டு வாசலைக் கடந்தபோது பார்த்தேன். மிளகாய் கட்டி வந்த காகிதத்தில் கருமுகில் படம். அவள் அதை நீவி, நாலாக மடித்து, அடுப்புக்குள் வைத்தாள். என்னைப் பார்த்தாள். மடுவத்திலும் அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பசித்தால்கூட மற்றப் பிள்ளைகளை விட்டுத்தான் கேட்பாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வருஷம் இருந்தது. ஒரு நாளும் கேட்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் போய் என்ன கேட்பது, மறந்திருப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மனைவியை விட மாட்டார்கள் என்றால் நாம் போவோம் என்று முத்தையா முடிவு செய்தார். ரயில் ஏற்ற வட்டகொடை ஸ்டேசனுக்குப் பாதி லயம் வந்தது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாக்கியத்துக்கு எட்டு வயது. புதுச் சட்டை, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல். அவளாகவே என் பக்கம் வந்தாள்.

"தலைமன்னார்லருந்து கப்பலு இருக்காமே ஆயா. நெசமா?"

மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"நெசந்தான்டி பாக்கியம். சத்தியமா நெசம்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, மூட்டைகளோடு நின்ற அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கப்பலு நெசமா?"

"நெசந்தாம்மா. வா, கோச்சி வந்துருச்சு" என்றார் அவர். அதன் பிறகுதான் ஏறினாள்.

முத்தையா கொடுத்துவிட்டுப் போன விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் அப்படி ஒருவர் இல்லை என்ற முத்திரையோடு திரும்பின. அறுபதுகளில் எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அவர்கள் இருந்த லயத்தில் இப்போது கூரை இல்லை. பிள்ளைகள் குறைந்து மடுவத்தை மூடினார்கள். அந்த இடத்தில் கறுப்பன் தைல மரம் நட்டு, அதையும் வெட்டி விற்றுவிட்டார்கள். நானாவின் கடையில் இப்போது கைத்தொலைபேசி பழுது பார்க்கிறார்கள். கண்டாக்கு செத்தார். அன்று பெரட்டில் நின்று கேட்டவர்களும் ஒவ்வொருவராகச் செத்தார்கள், அல்லது கப்பல் ஏறினார்கள். பாக்கியம் அவளுடைய அம்மாவைப் பார்த்தாளா என்று கேட்க இந்த மலையில் எனக்கு இனி ஒரு ஆள் இல்லை.