ஏரிக்கரை மருதமரம்

மாடம்பாக்கம் ஏரிக்கரை மருதமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கும். வெயில் ஏறினால் இறக்கையால் விசிறிக்கொள்ளும். கோடையில் ஏரி வற்றியதும் தண்ணீர் இருக்கும் வேறு இடத்துக்குப் போய்விடும். மழை பிடித்து ஏரி நிறைந்ததும் அதே மரத்துக்குத் திரும்பும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் விலங்கியல் எடுத்ததிலிருந்து இந்தப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன்.

பக்கத்துக் குடியிருப்புக்காரர்களுக்கு எச்சமும் நாற்றமும் பொறுக்கவில்லை. போன ஜூனில் மரம் வெறிச்சோடிக் கிடந்தபோது, சங்கச் செயலாளர் மெஷின் ரம்பத்தோடு ஆள் கூட்டி வந்தார். அவர் வீட்டில்தான் அம்மா வேலை செய்துகொண்டிருந்தாள். நான் போய் மரத்தில் முதுகு சாய்த்து நின்றேன்.

"வௌவால் எல்லாம் போயாச்சும்மா. காலி மரம். நகரு" என்றார் செயலாளர்.

"திரும்பி வரும் சார். மே லீவுல நீங்க வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போனீங்களே, காலியாதான கெடக்குதுன்னு யாராவது இடிச்சிருந்தா?"

ரம்பக்காரர் சிரித்துவிட்டார். "பாப்பா கரெக்ட்டாதான் கேக்குது சார்."

"ஏரிக்கரை மரம் கவர்மென்ட்டோடது. பர்மிஷன் வாங்கினீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ வெட்டுப்பா" என்றார் செயலாளர் ரம்பக்காரரிடம்.

ரம்பக்காரரின் சிரிப்பு நின்றது. "பர்மிஷன் இல்லியா? இன்னா சார் நீ, என்ன மாட்டி வுடப் பாக்குற. நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நாலு எழுத்து படிச்சா இவ்ளோ திமிரா? சாயந்தரத்துக்குள்ள வந்து மன்னிப்புக் கேளு. இல்லன்னா உங்கம்மா நாளைலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

அந்த வேலையை நம்பித்தான் என் படிப்பு ஓடியது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்பதையும் சொன்னேன்.

"இன்னாத்துக்குக் கேக்கணும்? நீ இன்னா திருடினியா? நாலு எழுத்துன்னானா அந்தாளு? காலேஜ் படிக்குதுன்னு சொல்லிட்டு வரேன், இரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். சொல்லிவிட்டு, அந்த வீட்டுச் சாவியையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மாவுக்கு வேலைக்கு வேறு வீடு கிடைக்கும்வரை கஷ்டப்பட்டோம். மழைக்குப் பிறகு வௌவால்கள் வந்துவிட்டன. அவற்றைப் பார்க்க நான் செயலாளர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறேன். சுற்றிக்கொண்டு போக வேறு பாதை இருக்கிறது. அதில் போவதில்லை.