மாதா கோயில் வாசலில் நின்ற துரை

என் மாமனார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் என்று ஒரு பெரியவர் வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒத்தை ஆளுக்குப் பெண் கிடையாது. கண்டியில் காப்பி வண்டிகளுக்குச் சக்கரம் செய்யும் தச்சர் அவர். ஆரக்கால் ஒன்று கோணினாலே பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். மருமகன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பாரா?

எனக்கோ யாரும் இல்லை. கடல் தாண்டி மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியிலேயே அப்பாவையும் அம்மாவையும் வாந்திபேதி கொண்டுபோய்விட்டது. என்னை எட்டு வருஷமாக அறிந்தவர் ஒருவர்தான், நான் வேலை பார்த்த காப்பிக் கிட்டங்கியின் துரை. தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் வரும் காப்பியை வாங்கி, களத்தில் காயவைத்து, மூட்டையாகக் கிட்டங்கியில் அடுக்கி, கொழும்புக்கு அனுப்புவார். துரை யூதர். சனிக்கிழமை கிட்டங்கியைப் பூட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை திறப்பார், ஆனால் என்னைப் பூசைக்கு விட்டுவிடுவார். ஆக வாரத்தில் எனக்கு ஒன்றரை நாள் ஓய்வு. அவருடைய மார்க்கத்தின் மேல் எனக்கு அப்போதே பெரிய மரியாதை.

கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று கேட்டதும், வராமல் எங்கே போவேன் என்று சிரித்தார். நான் அன்றைக்கே மாதா கோயிலில் முதல் வரிசையில் அவருக்கு உட்கார ஒரு கதிரை போடச் சொல்லிவிட்டு, பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். என் கணக்கு இவ்வளவுதான்: இயேசுவே யூதர். சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைய இவருக்கு என்ன தயக்கம்? மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன் ஒருவனுக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

ஒரு வாரம் இருக்கும்போது கதிரை விஷயத்தைச் சொன்னேன். துரையின் முகம் விழுந்துவிட்டது. கிட்டங்கிக் களத்தில் விருந்துக்காக நான் போட்ட பந்தலில்தான் தாலி கட்டு என்று அவர் நினைத்திருக்கிறார். அவர்கள் ஆட்களுக்குக் கல்யாணம் பந்தலின் கீழேதானாம். வேறு மார்க்கத்தின் கோயிலுக்குள், அதுவும் வழிபாடு நடக்கும்போது, போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். எனக்கு வந்ததே கோபம். ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

“நிக்கலாம்,” என்றார், வண்டிக்காரர்களிடம் படித்த தமிழில். “ஆனா அது பொய்யா நிக்கிறது. உன் கல்யாணத்துல பொய்யா நிக்க எனக்கு மனசு வரல.”

கோயில் வாசல் வரைக்கும் கூட நடந்து வருவதாகச் சொன்னார். மாமனாரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தினமும் பட்டறை வரை போய், உளிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

கல்யாணத்தன்று காலை பந்தலில் நான் மண்டியிட்டேன். எங்களில் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். துரை அதைச் செய்யவில்லை. இரண்டு கைகளையும் என் தலையில் வைத்து அவருடைய பாஷையில் ஏதோ மெதுவாகச் சொன்னார். தகப்பன் பிள்ளைக்குச் சொல்வதாம். நான் விக்கி விக்கி அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை. அப்புறம் மேளத்தோடு வாவிக்கரை வழியாகப் புறப்பட்டோம். துரை கறுப்புத் தொப்பியோடு எனக்குப் பக்கத்தில் கைவீசி நடந்தார்.

கோயில் வாசலில் மாமனார் மகளோடு காத்திருந்தார். “உள்ள வாங்க துரை,” என்றார். துரை தெருவிலேயே நின்றார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“உங்க பெரியவருக்கே உங்க பக்கத்துல நிக்கப் பிடிக்கல. உங்களப் பத்தி என்னமோ தெரிஞ்சிதான் வெளிய நிக்கிறாரு,” என்று சொல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். மேளம் நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. தூறலோடு வந்து துரையின் தொப்பியைத் தூக்கியது. அது உருண்டுபோய், வாசல் மாடத்தில் இருந்த மாதா சொரூபத்தின் காலடியில் விழுந்தது. கையெட்டும் தூரம்தான். எல்லோரும் அவர் எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வெறுந்தலையோடு நிற்கக் கூடாது என்று கைக்குட்டையை அவசரமாகத் தலையில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். யாரோ சிரித்தார்கள்.

“தொப்பிய எடுக்கலியா?” என்றார் மாமனார்.

“குனிஞ்சா கும்பிட்ட மாதிரி ஆயிடும். நான் கும்பிடல. கும்பிடாதவன் அப்படிக் காட்டக் கூடாது. கால்ல முள் குத்தினாலும் இந்த இடத்துல குனிய மாட்டேன். உங்க மாப்பிள்ளை தங்கமான ஆள். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

மாமனார் மகளின் கையை விட்டார். பிறகு தானே போய்க் குனிந்து தொப்பியை எடுத்தார். புதுச் சால்வையால் சேற்றைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார்கள்.

பீடத்துக்கு முன்னால் மாமனார் மகளின் கையை என் கையில் வைத்தார். தாலி கட்டிவிட்டுத் திரும்பினால் அவரைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ? சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவள் மட்டும் நிம்மதியாக இருந்தாள். அப்பாவை அவளுக்குத் தெரியும்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். தூறல் மழையாகியிருந்தது. தெருவில் ஒரே குடையின் கீழ் இரண்டு பேர். குடை மாமனார் கையில் இருந்தது. அதில் முக்கால்வாசி துரையின் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பூசையும் விடாத மனுஷன், மகள் கல்யாணப் பூசையை விட்டுவிட்டு வெளியே நிற்கிறார். ஏன் மாமா என்றேன்.

“மாப்பிள்ள வீட்டுப் பெரியவரத் தெருவுல தனியா விடச் சொல்றீங்களா?” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “எங்கண்ணன் கல்யாணம் அம்மன் கோயில்ல நடந்திச்சி. வீட்டுல நான் மட்டும் வேதக்காரன், உள்ள போகல. தாலி கட்டி முடியிற வரைக்கும் வெளியதான் நின்னேன். என் கூட வந்து நிக்க ஒருத்தருக்கும் தோணல, மாப்பிள்ள.”