கணவன் போட்ட கையெழுத்து

பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் அவளுக்கு ஒரே வேலைதான். பெல்ட்டில் நகர்ந்துவரும் பாட்டில்களை வெளிச்சத்தில் பார்த்து, கீறலும் குமிழியும் உள்ளதை எடுத்துத் தொட்டியில் எறிய வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் ‘பூதக்கண்ணாடி’ என்றே கூப்பிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் இடத்தில் கேமராவை மாட்டிவிட்டு, ஆளுக்கொரு கவரைக் கையில் திணித்து, பதினாறு பேரை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கொழுந்தன் ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணி, உங்க சேமநிதியை மொத்தமா எடுத்துடலாம். ஒரு வேன் வாங்கி ஓட்டினா மாசாமாசம் கொட்டும்.”

“எனக்கு இன்னிக்குத்தான் வேலை போயிருக்கு. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிக்க விடு.”

“அவன் நல்லதுக்குத்தானே சொல்றான்” என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த நல்லவன் ஏற்கெனவே ஒரு மாவு மில்லையும் ஒரு செல்போன் கடையையும் ஏப்பம் விட்டவன்.

இரண்டு மாசம் வீடு ரணகளமாக இருந்தது. குழம்பில் உப்பு கூடினாலும் பேச்சு வேனில் போய்த்தான் முடிந்தது. ‘சம்பாதிச்ச திமிர்’ என்றான் கணவன். அவள் பிடி கொடுக்கவில்லை. திடீரென்று ஒருநாள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவழியாக ஓய்ந்தது என்று நினைத்தாள்.

வேலை கிடைக்கும்வரை செலவுக்குக் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று கேட்க, சேமநிதி அலுவலகத்துக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிடுசிடுத்தாள்.

“போன வியாழக்கிழமைதானே விண்ணப்பம் கொடுத்திருக்கீங்க? அதுக்குள்ள வந்து நின்னா?”

“நான் எதுவும் கொடுக்கலையே.”

அந்த அம்மாள் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். மொத்தத் தொகையும் கேட்டிருந்தது. பணம் போக வேண்டியது அவளும் கணவனும் சேர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்குக்கு, அதன் கார்டு இருப்பது அவன் பையில். அடியில் அவள் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை அவள் கீழே இழுப்பாள். இதில் அது மேலே ஏறியிருந்தது. பால்காரர் நோட்டில் கணவன் தினமும் எழுதுகிற அதே கைதான்.

“இது என் கையெழுத்து இல்லைம்மா. என் வீட்டுக்காரர் போட்டது.”

“உங்க வீட்டுச் சண்டைக்கு நாங்க ஆள் இல்லை” என்று சொன்னாலும், அந்த அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. “மொத்தமா எடுத்தா வட்டி போகும், வயசான காலத்துக்குக் கையில ஒண்ணும் இருக்காது. இப்போதைக்குக் கொஞ்சம் எடுங்க. மீதி கிடக்கட்டும், புது வேலை கிடைச்சா அதே கணக்குல தொடரலாம். போலீசுக்குப் போறீங்களா?”

“முதல்ல இதை ரத்து பண்ணுங்க. எனக்கு ஒரு நகல் வேணும்.”

அன்று ராத்திரி அந்த நகலைக் கணவனின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொழுந்தன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனான். கணவன் மென்றதை விழுங்கிவிட்டு, “குடும்பத்துக்குத்தானே செஞ்சேன்” என்றான்.

“திருடிட்டுக் குடும்பம்னு சொல்லாதீங்க. ஒரிஜினல் ஆபீஸ்ல இருக்கு. இன்னொரு தடவை வேன்னு வாயைத் திறந்தா நேரா ஸ்டேஷன்தான்.”

“புருஷனை உள்ள தள்ளுவியா?”

“தள்ளுவேன்.”

மூன்று மாசச் செலவுக்கு மட்டும் எடுத்தாள், அதுவும் தன் பெயரில் புதிதாகத் திறந்த கணக்கில். நான்காவது மாதம் மருந்து கம்பெனி ஒன்றில் லேபிள் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் முக்கால்வாசிதான். பழைய சேமநிதிக் கணக்கை அங்கே மாற்றிக்கொண்டாள். தனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்கு என்ற இடத்தில், அதுவரை இருந்த கணவன் பெயரை எடுத்துவிட்டு, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் பெயரை எழுதினாள்.

வீட்டில் பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்தது. அவன் கேட்க மாட்டான், அவள் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எப்படியோ விஷயம் காதுக்கு எட்டி, ஒரு காலையில் அவனாகவே வாயைத் திறந்தான்.

“என் பேரை எடுத்துட்டியாமே?”

“ஆமா” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.